நாங்கள் தேர்ந்தெடுத்த பெல்ட்

அந்த வார்த்தையைச் சொன்னது நானா, குண்டூசியா என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை. மற்றதெல்லாம் நினைவில் இருக்கிறது. மேசை மேல் கிடந்த மூன்று பெல்ட்டுகள், ஜன்னல் ஓரத்து வெயில், தண்ணீர் நிரப்பி வைத்த வாளி. அந்த ஒரு வாக்கியத்தின் குரல் மட்டும் அழிந்துவிட்டது. சில நாள் அது என் குரலில் கேட்கிறது, சில நாள் அவள் குரலில். யார் சொல்லியிருந்தாலும் வேடிக்கைக்குச் சொன்னது. அதில் மட்டும் சந்தேகமில்லை.

நாங்கள் இருவரும் நீண்டநாள் நோயாளிகள் வார்டில் உதவியாளர்கள். எழுந்திருக்க முடியாதவர்களைக் குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது, சக்கர நாற்காலிக்கு மாற்றுவது எங்கள் வேலை. ஒன்பது வருடமாக ஒரே ஜோடி. ஆள் அவ்வளவு ஒல்லி என்பதால் அவள் குண்டூசி. இடைவேளையில் வாய் திறக்காமல் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பதால் நான் ஊமைக்கோட்டான். அவள் அதையும் சுருக்கிக் கோட்டான் ஆக்கிவிட்டாள்.

ஒரு நோயாளியைத் தூக்க இரண்டு பேர் என்பது வார்டு விதி. எதிரெதிரே நின்று, ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணி, மூன்றில் தூக்குவோம். வாத்தியார் என்று நாங்கள் கூப்பிட்ட நோயாளிக்கு வலது பக்கம் விளங்காது. தொண்ணூறு கிலோவுக்குக் குறையாத உடம்பு. எங்களோடு சேர்ந்து அவரும் எண்ணுவார். இரண்டுக்கு அப்புறம் "ரெண்டேகால், ரெண்டரை" என்று குழறலாக இழுப்பார்.

"சார், தூக்கி முடிக்கிற வரைக்கும் கணக்குப் பாடத்துக்கு லீவு விடுங்க" என்பாள் குண்டூசி. "நான் சிரிச்சேன்னா நீங்க கீழ."

முதுகுவலி என்று விடுப்பு கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள் என்று மேற்பார்வையாளர் ஒருநாள் முதுகைத் தாங்கக் கட்டும் பெல்ட் விற்பவர் ஒருவரை வரவழைத்தார். உதவியாளர்களில் படிக்கிற பழக்கம் உள்ளவள் என்ற ஒரே தகுதிக்காக, தேர்ந்தெடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். என் ஜோடி என்பதால் குண்டூசியும் வந்தாள். எங்களையும் ஒரு பொருட்டாக மதித்துக் கேட்கிறார்களே என்று எனக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அதை நினைத்தால் இப்போது கூசுகிறது.

முதல் பெல்ட் ரப்பர் போன்ற துணி. ஐந்து நிமிடத்தில் வியர்த்து ஊற்றியது. இரண்டாவது வெறும் எலாஸ்டிக். குனிந்தால் பாய் மாதிரி சுருண்டுகொண்டது. மூன்றாவது முதுகுப் பக்கம் அகலம், வயிற்றுப் பக்கம் குறுகல். உள்ளே நான்கு எஃகுப் பட்டைகள். முன்னால் ஒட்டிக்கொள்ள அகலமான வெல்க்ரோ. நான் அதைக் கட்டிக்கொண்டு குனிந்தேன், உட்கார்ந்தேன், கட்டில் கம்பியை இழுத்துப் பார்த்தேன். அதுதான் நல்லது என்றேன். மூன்றில் அதுதான் நல்லது. இன்றைக்குக் கேட்டாலும் அதையே சொல்வேன்.

விற்பவர் நாடா வைத்து அளந்தார். "தொப்புளுக்கு நேரா அளக்கணும்மா. பேண்ட் சைஸைச் சொல்லி வாங்கிட்டு அப்புறம் என்னைத் திட்டக் கூடாது." குண்டூசியின் முறை வந்ததும் நாடாவை இரண்டு முறை பார்த்தார். "இவங்களுக்கு ஆகச் சின்ன சைஸ் வேணும் சார். அது தனியா ஆர்டர் போடணும்."

"பார்த்துக்கலாம்" என்றார் மேற்பார்வையாளர்.

மாதிரிக்கு வந்திருந்த நடுத்தர அளவை குண்டூசி கட்டிப் பார்த்தாள். "இதுக்குள்ள இன்னொருத்திக்கு இடம் இருக்கு. கோட்டான், நீயும் உள்ள வந்துடு."

பிறகு வாளியைத் தூக்கச் சொன்னார் விற்பவர். மாறி மாறித் தூக்கினோம். அப்போதுதான் எங்களில் ஒருத்தி சொன்னாள்: "இதைக் கட்டிக்கிட்டா வாத்தியாரை ஒரு ஆளே தூக்கிடலாம் போலிருக்கே."

எல்லோரும் சிரித்தோம். மேற்பார்வையாளரும் சிரித்தார். அவர் கையில் பேனா இருந்தது.

பத்து நாள் கழித்து அறிவிப்புப் பலகையில் ஒரு தாள். உதவியாளர்களே சோதித்துத் தேர்ந்தெடுத்த பாதுகாப்புப் பெல்ட் வழங்கப்படுவதாலும், அதை அணிந்தால் ஒருவரே நோயாளியைத் தூக்க இயலும் என அவர்களே தெரிவித்துள்ளதாலும், இனி ஒரு படுக்கைக்கு ஓர் உதவியாளர். 'அவர்களே' என்ற சொல்லை நான் நின்று நின்று படித்தேன். ஒன்பது வருடத்தில் நாங்கள் எழுதிக் கொடுத்த எதையும் அந்த அலுவலகம் கேட்டதில்லை. சக்கரம் உடைந்த கட்டில், வழுக்கும் குளியலறை, எதையும். சிரிப்புக்குச் சொன்ன ஒன்றை மட்டும் எவ்வளவு கவனமாகக் காதில் வாங்கியிருக்கிறார்கள்!

"பெல்ட்டுக்குள்ள ரெண்டாவது ஆளை வச்சுத் தைச்சிருக்காங்களோ என்னவோ" என்றாள் குண்டூசி.

நான் மேற்பார்வையாளரிடம் போனேன். "சார், அது விளையாட்டுக்குச் சொன்னது."

"நீங்க கேட்டதைத்தானே வாங்கிக் குடுத்திருக்கோம்? அதுலயும் குறையா?"

"அவளுக்குச் சின்ன சைஸ் வரலை சார்."

"ரெண்டு சைஸ்தான் வந்திருக்கு. இறுக்கிக் கட்டிக்கச் சொல்லுங்க."

மேலே பேசாமல் திரும்பி வந்துவிட்டேன். மௌனத்தை ஒரு குணம் என்று நினைத்து வாழ்ந்தவள் நான். அன்றைக்கு அது வெறும் பயம்.

ஒன்றரை மாதம் போயிற்று. ஒரு காலை, நான் இரண்டு கட்டில் தள்ளி ஒருவருக்கு உடம்பு துடைத்துக்கொண்டிருந்தேன். "ஒண்ணு, ரெண்டு" என்று குண்டூசி தனியாக எண்ணுவது கேட்டது. வாத்தியார் சேர்ந்து எண்ணவில்லை. எங்களைப் பிரித்ததிலிருந்து அவர் எண்ணுவதையே விட்டிருந்தார். மூன்று என்ற சத்தம் வரவில்லை. வேறு சத்தம் வந்தது.

ஓடிப்போய்ப் பார்த்தபோது வாத்தியார் பாதி நாற்காலியில், பாதி அவள் தோளில். அவரைக் கீழே விழ விடாமல் தான் கீழே உட்கார்ந்திருந்தாள். அவரை எப்படி நாற்காலியில் தள்ளி உட்கார வைத்தேன் என்று தெரியாது.

"கோட்டான், இதை அவுத்து விடுடி. மூச்சு முட்டுது" என்றாள். "இடது கால் என்னோடதா இல்லையான்னே தெரியலை."

பெல்ட் இடுப்பில் இல்லை. நழுவி மேலேறி நெஞ்சுக்குக் கீழே இறுக்கிக்கொண்டிருந்தது. வெல்க்ரோவைப் பிய்த்தேன். அந்தச் சத்தம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. விலா எலும்பின் மேல் இரண்டு எஃகுப் பட்டைகளின் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது.

நான்காம் நாள் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். அறிக்கை ஏற்கெனவே தட்டச்சாகி இருந்தது. பெல்ட் அணியாமல் தூக்கியதால் ஏற்பட்ட காயம். சாட்சியாக நான் கையெழுத்துப் போட வேண்டும். அப்படிப் போட்டால் அது அவள் அலட்சியம்; மருத்துவமனை சிகிச்சை தராது, வேலையும் போகும்.

"கட்டியிருந்தா சார். அவுத்தது நான்."

"டாக்டர் வந்தப்ப இல்லையே" என்றார் மேற்பார்வையாளர்.

"அதுக்கு முன்னாடி அவுத்தேன். மூச்சு முட்டுதுன்னா."

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "சரி. கட்டியிருந்தாங்கன்னு எழுதினா பெல்ட் சரியில்லைன்னு ஆகும். பெல்ட்டைத் தேர்ந்தெடுத்தது யாரு? யோசிச்சு நாளைக்கு வாங்க."

எந்தப் பக்கம் திரும்பினாலும் குற்றவாளி எங்களில் ஒருத்தி. எவ்வளவு சுத்தமான ஏற்பாடு!

சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். பலகை மேல் மெல்லிய மெத்தை விரித்து மல்லாந்து கிடந்தாள். திரும்பிப் பார்க்க முடியாததால் கூரையைப் பார்த்தே பேசினாள். நான் தலைமாட்டில் உட்கார்ந்து சொன்னேன்:

"ஒரு ஆளே தூக்கலாம்னு அன்னைக்குச் சொன்னது நான்தான்டி. என்னாலதான் எல்லாம்."

"ஏய், உனக்கு ஒரு நாளைக்கு நாலு வார்த்தைதான் ரேஷன். அவ்ளோ நீளமா நீ எங்க பேசுவ? அது நான் சொன்னது."

"இல்லை. வாளி என் கையில இருந்துச்சு."

"வாளி உன் கையில, வாய் என்னோடது."

பழியை ஆளுக்கொரு பக்கமாக இழுத்துக்கொண்டு உண்மையாகவே சண்டை போட்டோம். அவள் அழுதாள். கண்ணீர் காதுக்குள் வழிந்தது, துடைத்துவிட்டேன்.

"ஏன் கோட்டான்," என்றாள் கடைசியில், "அந்த நோட்டீஸ்ல கையெழுத்து யாருது?"

"மேற்பார்வையாளரோடது. நம்ம ரெண்டு பேரோடதும் இல்லை" என்றேன்.

மறுநாள் அறிக்கையில் 'பெல்ட் அணியாமல்' என்பதை அடித்தேன். கீழே என் கையெழுத்தில் எழுதினேன். பெல்ட் கட்டியிருந்தாள். அவள் அளவு வாங்கப்படவில்லை. எந்த அளவானாலும் பெல்ட் ஓர் ஆள் ஆகாது. இரண்டு பேர் தூக்க வேண்டியவரை ஒருத்தி தூக்கும்படி உத்தரவு போட்டது அலுவலகம். உத்தரவின் தேதியையும் எழுதினேன். மேற்பார்வையாளரிடம் கொண்டுபோகும் முன் வாத்தியாரிடம் படித்துக் காட்டினேன். அவர் தாளை வாங்கி, ஒரு எழுத்துப் பிழையைத் திருத்திவிட்டு, இடது கையால் கோணலாகக் கையெழுத்துப் போட்டார். நடந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் அவர் ஒருவர்தான். அவரை யாரும் கேட்கவில்லை.

மேற்பார்வையாளர் படித்தார். "இந்த உத்தரவு விஷயமெல்லாம் இதுக்குச் சம்பந்தமில்லாதது."

"அது மட்டும்தான் சார் சம்பந்தம்."

"ரொம்பப் பேசறீங்க."

"ஒன்பது வருஷமா சேர்த்து வச்சது சார்" என்றேன். தாளின் இன்னொரு பிரதி மேலிடத்துக்குப் போயிருக்கிறது என்பதையும் சொன்னேன்.

குண்டூசிக்கு மருத்துவமனையிலேயே சிகிச்சை கொடுத்தார்கள். நான்கு மாதம் கழித்து வந்தாள், துணி அறையில் மடிக்கும் வேலைக்கு. இடது கால் விரல்களில் உணர்ச்சி இன்னும் திரும்பவில்லை. அரை மணிக்கு மேல் உட்கார முடியாததால் நின்றுகொண்டே மடிக்கிறாள். என்னை வேறு கட்டிடத்துக்கு மாற்றினார்கள். அங்கே எனக்குப் புது ஜோடி உண்டு. அவள் எண்ணாமல் தூக்குகிறாள், இன்னும் பழகவில்லை. எண்பது கிலோவுக்கு மேல் என்றால் இரண்டு பேர் என்று உத்தரவைத் திருத்தினார்கள். எழுபத்தொன்பதுக்கு ஒருத்திதான். வாத்தியார் அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சலில் இறந்தார். மேற்பார்வையாளர் பதவி உயர்வில் போனார். பெல்ட்டுகள் அலமாரியில் இருக்கின்றன. சின்ன அளவு இதுவரை வரவில்லை.