ஆமைக்குஞ்சு சாப்பிட்டுச்சா?

விடுமுறைக்கு வந்த மகள் வாங்கி வைத்துவிட்டுப் போன ஆமைக்குஞ்சு ஐந்து நாளாக எதையும் தொடவில்லை. தையற்காரி அம்மா மண்புழுவைப் பொடியாக நறுக்கித் தொட்டிக் கல்லின்மேல் வைத்துப் பார்த்தாள். அது தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. வாங்கியவளின் பிடிவாதம் அதனிடமும் அப்படியே இருந்தது. ஆனால் அத்தி பூத்தாற்போல் பேசுகிற மகள் இப்போது தினமும் மாலையில் கூப்பிட்டாள். "சாப்பிட்டுச்சாம்மா?"

ஆறாம் நாள் அவள் போய்ச் சொன்னதைக் கேட்டு மீன்தொட்டிக் கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "தண்ணிக்குள்ள போடுங்கக்கா. கல்லு மேல வச்சா அதால முழுங்க முடியாது."

போட்டாள். குஞ்சு கொட்டாவி விடுவதுபோல் வாயைத் திறந்து ஒரே விழுங்காக விழுங்கியது. தையல் மெஷினை மறந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மாலையில் போன் வந்தது. "சாப்பிட்டுச்சாம்மா?"

அம்மா தைத்துக்கொண்டிருந்த துணியால் தொட்டியை மூடினாள்.

"எங்கடி, இன்னும் வாயே வைக்கல. நாளைக்குக் கூப்பிடு, சொல்றேன்."