கண்ணில் வைத்த பொட்டு

எங்கள் தலைமையாசிரியர் பழனிச்சாமிக்கு அந்தப் பெட்டியைப் பிரிக்கவே எட்டு மாதம் ஆனது. பிளாஸ்டிக் கட்டைகளைப் பூட்டி ஒரு வண்டி செய்து, கம்ப்யூட்டரில் கட்டளை எழுதிக் கொடுத்தால் அது சொன்னபடி ஓடும். பிள்ளைகள் தாங்களாக யோசித்துப் பழகட்டும் என்று ஆவுடையார்கோவில் பக்கத்திலிருக்கும் எங்கள் நடுநிலைப் பள்ளிக்கு வந்த பெட்டி. இவர் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிள்ளைகள் தொட்டால் கெட்டுப்போகுமாம்.

"அவுங்க தொடத்தானே சார் வந்துருக்கு?" என்று கேட்டேன்.

"நீங்க ஒங்க அறிவியல் பாடத்தப் பாருங்க டீச்சர்."

திருச்சியில் போட்டி, தாலுகாவுக்கு ஒரு பிள்ளை, அதிகாரியே நேரில் வந்து தேர்ந்தெடுப்பார் என்று சுற்றறிக்கை வந்ததும் மனிதருக்கு விஞ்ஞானத்தின் மேல் ஆசை பொத்துக்கொண்டு வந்தது. பீரோ திறந்தது. இருபது நாள்தான் இருந்தது.

எட்டாம் வகுப்பு இனியாவுக்கு அது போதும். அவள் அப்பா சார்லஸ் மீமிசலிலிருந்து மீன் ஏற்றி வருகிறவர். ரோட்டில் படுத்திருந்த மாட்டின் மேல் லோடு ஆட்டோவை விட்டுக் கால் ஒடிந்து வீட்டில் கிடந்தார். அதனால் மாட்டைக் கண்டால் தானே நின்றுவிடும் வண்டி ஒன்றைச் செய்தாள். எதிரே இருப்பதைக் கண்டுபிடிக்க முன்பக்கம் இரண்டு வட்டக் கண்கள். ஒரு சாண் தூரத்துக்குள் ஏதாவது இருந்தால் நில், இல்லையென்றால் ஓடு. அவ்வளவுதான் கட்டளை. எழுதி எழுதி அழித்து, கடைசியில் ஓட வைத்துவிட்டாள்.

"அடுத்த வருசம் நான் வேற ஸ்கூலு. எனக்கு இந்த ஒரு தடவதான் டீச்சர்" என்றாள்.

அதிகாரி வரும் நாள் காலையில் தலைமையாசிரியர் வண்டிக்குப் பூஜை போட்டார். செய்தவளைப் பன்னீர்ச் செம்போடு கேட்டில் நிறுத்திவிட்டார். சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைக்கப் பார்த்தார். பழம் சக்கரத்தைவிடப் பெரிதாக இருந்தது. பக்கத்தில் வைத்துவிட்டுச் சூடம் காட்டினார். பிறகு சந்தனத்தைக் குழைத்து, வட்டமாக இடம் கிடைத்ததே என்று அந்த இரண்டு கண்களிலும் கட்டைவிரலால் அப்பி, மேலே குங்குமத்தையும் வைத்தார். பார்க்கிற கண்ணில் சந்தனம் பூசிய மேதை புதுக்கோட்டை மாவட்டத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

"சார், அந்த எடத்துல வேண்டாமே" என்றேன்.

"பொட்டு வைக்காம புது வண்டிய யாராச்சும் எடுப்பாங்களா? அங்கிட்டுப் போயி நாற்காலியப் போடுங்க."

என் மாறுதல் விண்ணப்பம் அவர் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. போய் நாற்காலியைப் போட்டேன்.

அதிகாரி வந்தார். இனியா ஓடி வந்து வண்டியின் பின்னால் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினாள். வண்டி அசையவில்லை. மறுபடி அழுத்தினாள்.

"எதையோ மாத்திப்புடுச்சுங்க ஐயா இந்தப் புள்ள" என்றார் தலைமையாசிரியர், கூசாமல்.

"இல்ல சார், வண்டி சரியாத்தான் இருக்கு. முன்னாடி ஏதோ நிக்கிதுன்னு நெனச்சுக்கிட்டு நிக்கிது" என்றவள் முன்பக்கம் வந்து குனிந்து பார்த்தாள். "கண்ணுல சந்தனம் இருக்கு சார். தொடச்சுரவா?"

"பூஜ பண்ணி வச்ச பொட்ட அழிக்கிறதா? ஐயா முன்னாடியேவா?"

அதிகாரி வாசலில் நின்ற தன் ஜீப்பைப் பார்த்தார். அதன் நெற்றியிலும் பொட்டு இருந்தது. "வேணாம்மா, இருக்கட்டும். நேரமாச்சு, இன்னும் ரெண்டு ஸ்கூல் பாக்கணும். அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றார். ஆனால் கிளம்பும் முன் நிதானமாக உட்கார்ந்து இரண்டு இளநீர் குடித்தார். சந்தனத்தைத் துடைக்க அரை நிமிடம் போதும். என் கையில் கைக்குட்டைகூட இருந்தது.

ஜீப் போன பிறகு இனியா வண்டியைக் கழற்ற உட்கார்ந்தாள். அழவில்லை.

"சார் பொட்டு வைக்கையில நீங்க இங்கதான இருந்தீங்க டீச்சர்?"

"இருந்தேன்."

அவள் கட்டைகளை ஒவ்வொன்றாகப் பெட்டியில் போட்டாள். இவ்வளவு நேரம் பழனிச்சாமியைத் திட்டித் தீர்த்துவிட்டேன். அவருக்காவது அது கண் என்று தெரியாது. எனக்குத் தெரியும்.