முன்சக்கரக் கட்டை

“வலது பக்கம் இறக்குங்க... கதவுல இடிக்குது. மெதுவா, மெதுவா!”

தம்பியைத் தூக்கிவந்த நான்கு பேரும் வாசலில் ஒரு நொடி திணறி நின்றார்கள். ஆஸ்பத்திரிக் காகிதங்களெல்லாம் முடிந்து, விபத்து நடந்த மறுநாள் காலை பத்து மணிக்குத்தான் உடல் வீடு வந்து சேர்ந்தது. அண்ணனான பெரியவர் கதவோடு கதவாக ஒட்டி நின்று வழிவிட்டார். வழிவிட்டவர் ஒரு காலைப் பின்னுக்கு இழுத்துக் கதவின் அடியை மறைத்துக்கொண்டார்.

அங்கே ஒரு கட்டை இருந்தது. காற்றில் கதவு அறைந்து சாத்திக்கொள்ளாமல் நேற்று மதியத்திலிருந்து அதுதான் பிடித்துக்கொண்டிருந்தது. கிரீஸ் ஏறிக் கறுத்துப்போன ஆப்புக் கட்டை. வழுக்காமல் இருக்க அடியில் பழைய டயர்த் துண்டு வைத்து நான்கு ஆணி அறைந்திருந்தது. துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் அதைத் தாண்டித்தான் வந்தார்கள். ஒருவர் கண்ணிலும் படவில்லை.

“உட்காருங்கண்ணே. நேத்துலேர்ந்து நின்னுக்கிட்டே இருக்கீங்க,” என்றான் சித்தப்பா மகன்.

“பரவாயில்ல.”

“அவர் எங்க உட்காருவார்? தலையில இடி விழுந்தாலும் முதுகு வளையாத மனுஷன்,” என்று பின்னால் யாரோ சொன்னார்கள். வேறொரு நாளாக இருந்தால் அந்தப் பேச்சு அவருக்கு இனித்திருக்கும்.

அவரால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. கூடத்துக்குப் போனார். தம்பியின் முகத்தைப் பார்க்காமல், நகக்கண்ணில் கழுவியும் போகாத கறுப்பைப் பார்த்தார். சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தார். தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். மறுபடி வாசலுக்கே வந்து நின்றார்.

வீட்டை ஒட்டித் தம்பி வண்டி பழுதுபார்க்கும் ஷெட் போட்டபோது ஆறு மாதம் அவனோடு பேசாமல் இருந்தவர் அவர். அலுவலக மேலாளரின் தம்பி கரி பூசிய கையோடு திரிவதா? கல்யாணமான பிறகு தம்பி மனைவியும் ஸ்பானர் எடுத்துக்கொண்டு கூடவே இறங்கிவிட்டாள். அவரால் பொறுக்க முடியவில்லை.

“நம்ம வீட்டுப் பொண்ணு லாரிக்கு அடியில கிடக்குறத நாலு பேர் பாக்கணுமாடா?”

“மேலயா கிடக்க முடியும், அண்ணே? வேல அடியிலதான இருக்கு,” என்று அவன் சிரித்தான்.

கடைசியாக வந்த வேலை ஒரு கிழட்டு லாரி. மலைச்சாலை, ஆற்று மணல் எதற்கும் சளைக்காத, நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய வண்டி. அதன் ஹேண்ட் பிரேக்கைப் பின் ஆக்ஸிலுக்கு மாற்ற வேண்டும் என்றார் வண்டிக்காரர். பின்சக்கரங்களின் டிரம்மைக் கழற்றிவிட்டு டிஸ்க் போட்டு, ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாகக் கேபிள் இழுத்துப் பிடிக்கிற மாதிரி செய்யும் வேலை. போன வாரம் சாப்பாட்டு மேசையில் இரண்டு தட்டுகளையும் ஒரு ஸ்பூனையும் வைத்துத் தம்பி அதை விளக்கினான்.

“இந்தத் தட்டு ரெண்டும் பின்சக்கரம், இந்த ஸ்பூன்தான் அதுகளச் சுத்தவிடுற நடு ஷாஃப்ட், அண்ணே. இந்த வண்டியில ஹேண்ட் பிரேக் இதத்தான் பிடிக்கும், சக்கரத்தப் பிடிக்காது. தரையில நிக்கிறவரைக்கும் சரி. ஒரு பின்சக்கரத்த ஜாக்கியில தூக்கினா கதையே வேற. தூக்கினது பின்னால சுத்தும், தரையில இருக்கறது முன்னால உருளும். பிரேக் போட்டது போட்டபடி இருக்கும், வண்டி பாட்டுக்குப் போயிட்டே இருக்கும்!”

“சாப்பிடுறப்ப தட்ட உருட்டாத,” என்றார் பெரியவர். அவர் காதில் விழுந்தது தட்டுச் சத்தம் மட்டும்தான்.

நேற்று அவருடைய பழைய மேலதிகாரி குடும்பத்தோடு வருவதாக இருந்தது. வாசற்கதவு சும்மா சும்மா அறைந்துகொண்டிருந்தது. வருகிறவர்கள் முகத்திலா அறையும்? ஷெட்டில் எட்டிப் பார்த்தார். தம்பி சாப்பிடப் போயிருந்தான். “விருந்தாளி வர்ற நேரம், கை கழுவிட்டு உள்ள வாம்மா,” என்று தம்பி மனைவியை அவர்தான் ஏற்கெனவே உள்ளே கூப்பிட்டிருந்தார். லாரியின் முன்சக்கரத்தடியில் கட்டை ஒன்று வாகாக இருந்தது. அவரும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிடவில்லை. வண்டிக்குள் பார்த்தார், ஹேண்ட் பிரேக் இழுத்துத்தான் இருந்தது. நான்கு சக்கரமும் தரையில் ஊன்றியிருந்தன. காலால் தட்டிக் கட்டையை எடுத்துக்கொண்டார்.

தம்பி திரும்பிவந்து இடது பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினான். தூக்கிய வண்டியைத் தாங்கும் ஸ்டாண்டை நகர்த்தி வைக்கத்தான் உள்ளே தலையைக் கொடுத்தான். கழுவுகிற தண்ணீர் ஓடுவதற்காக ஷெட்டின் தரை, லாரியின் முகம் இருந்த பக்கம் லேசாகச் சரிந்திருந்தது. வண்டி முன்னால் உருண்டது.

மேலதிகாரி வரவேயில்லை. இன்னொரு நாள் பார்க்கலாம் என்று போன் செய்துவிட்டார்.

ஷெட்டுப் பக்கமிருந்து ‘அரை இஞ்சு’ வந்தார். எதிர்ச்சாரியில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக். குள்ளமாக இருப்பதால் தம்பி வைத்த பெயர். இருபது வருடப் போட்டி, இருபது வருடச் சிநேகம். அழுது கண் வீங்கியிருந்தது.

“பாத்துட்டேன். பின்சக்கரத்துக்குப் பின்னால ஒரு கட்ட இருக்கு. முன்சக்கரத்துக்கு முன்னால இல்ல. இந்த பிரேக் வேல மட்டும் முடிஞ்சிருந்தா வண்டி அசஞ்சிருக்காது. பாவி, முடிக்கிறதுக்குள்ள...”

“எத்தன வண்டிக்கு அடியில போய் வந்தவன்! ஒத்தக் கட்டயோடயா உள்ள போவான்?” என்றான் சித்தப்பா மகன்.

அரை இஞ்சு குரலைத் தாழ்த்தினார். “கட்ட வைக்கிறது அவன் வேல இல்லப்பா. கூட வேல பாக்குற தங்கச்சி வேல. அவ வச்சா இவன் திரும்பிக்கூடப் பாக்க மாட்டான். அவ்வளவு நம்பிக்க.”

தாழ்த்திய பேச்சு கூடம் வரைக்கும் போய்விட்டது. அங்கே பெண்கள் நடுவிலிருந்து ஒரு குரல் வந்தது: “பொம்பளைக்கு எதுக்கு இந்த வேல? பெரியவர் அன்னைக்கே தலபாடா அடிச்சுக்கிட்டார். கேட்டாங்களா?”

தன் வார்த்தை வேறொருவர் வாயிலிருந்து வருவதைக் கேட்டுக்கொண்டு பெரியவர் நின்றார். அன்று விடியற்காலையில் அந்தக் கட்டையை எடுத்து எங்காவது போட்டுவிட நினைத்திருந்தார். குனியப் போனபோது பால்காரர் வந்துவிட்டார்.

தம்பி மனைவி தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றி ஒரு கை அகலத்துக்கு இடம் விட்டே மற்றவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

“ரெண்டும் வச்சேன்,” என்றாள், யாரும் கேட்காமலே. “காலையில வண்டிய நிறுத்தினதும் முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு. காலால ஒதச்சுப் பாத்தேன்.”

அரை இஞ்சு அருகில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். “விடும்மா. மறதி யாருக்கும் வரும். எனக்கே வந்திருக்கு.”

“மறக்கலண்ணே.” தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தாள். “மறந்துட்டேனா? விருந்தாளி வர்றாங்கன்னு உள்ள கூப்பிட்டாங்க... அந்த அவசரத்துல எடுத்து எங்கயாவது வச்சுட்டேனா? ராத்திரி பூரா யோசிக்கிறேன். ஒதச்சுப் பாத்தது நேத்தா, முந்தாநேத்தா?” நிமிர்ந்தவள் வாசலில் நின்றவரைப் பார்த்துவிட்டாள். “மாமா, நேத்து நீங்க ஷெட்டுப் பக்கம் போனீங்களே. முன்னால கட்ட இருந்துச்சா?”

கூடம் முழுக்க அவர் பக்கம் திரும்பியது.

“அவர்ட்ட ஏம்மா கேக்குற? அவருக்கு என்ன தெரியும் வண்டியப் பத்தி,” என்றார் அரை இஞ்சு.

பெரியவர் கதவுப் பக்கம் திரும்பி, ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். கட்டை இறுகியிருந்தது. மண்டியிட்டு இரண்டு கையாலும் இழுக்க வேண்டியிருந்தது. சித்தப்பா மகன் ஓடிவந்து, “விடுங்கண்ணே, நான் எடுக்கிறேன்,” என்றான். அவர் விடவில்லை.

எடுத்துக்கொண்டு வந்தார். வழியில் கால் நீட்டியிருந்தவர்கள் கால்களை மடக்கிக்கொண்டார்கள். தம்பி மனைவிக்கு முன்னால், தரையில், சத்தம் வராமல் வைத்தார்.

அரை இஞ்சு கட்டையைப் பார்த்தார், பெரியவரைப் பார்த்தார், பிறகு எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

அவள் அதை மடியில் எடுத்துத் திருப்பினாள். டயர்த் துண்டில் ஒட்டியிருந்த மண்ணைப் பெருவிரலால் சுரண்டினாள். தான் அறைந்த ஆணிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

பெரியவர் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். பிடிக்க ஆளில்லாத வாசற்கதவு மெல்ல நகர்ந்து சாத்திக்கொண்டது. வெளியே யாரோ வந்து தட்டினார்கள். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் தட்டினார்கள்.