சிவப்புக்குப் பத்து பாயின்ட்

ஃபோனில் ரயில் ஓட்டுவதாம். பாயின்ட் எடுப்பதாம். லெவல் ஏறுவதாம். கேட்கும்போதே துரைராஜுக்குக் குமட்டியது.

மயிலாப்பூரில் ஒரு சபா கட்டடத்து மாடியில் மாதிரி ரயில் மன்றம், அதற்கு அவர்தான் செயலாளர். அறை முழுக்க ஒரே மேசை, மேசை முழுக்கக் குட்டி ரயிலுக்கான தண்டவாளம். உள்ளேயே வைத்துக் கட்டியது. வெளியே எடுக்க வேண்டுமென்றால் ரம்பம் போட்டு அறுக்கத்தான் வேண்டும். சபாக்காரர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் பத்து இளசுகளாவது சேராவிட்டால் அறை ஜும்பா வகுப்புக்கு. கிழங்கள் தூங்குகிற இடத்தில் மாமிகளாவது குதிக்கட்டும் என்று நினைத்தார்கள் போல.

யோசனை ஷீலாவுடையது. வேளச்சேரியில் கேம் கம்பெனியில் வேலை, மன்றத்தில் தலை நரைக்காத ஒரே ஆள். ஃபோனால் வண்டியை ஓட்டி, சரக்கை ஸ்டேஷனில் சேர்த்தால் பாயின்ட் என்றாள். ரயிலுக்கு மூணு உசுரும் குடுத்துடு, மோதி மோதி எழுந்துக்கட்டும் என்று நக்கலடித்தார் துரைராஜ். ஆனால் ரம்பம் கண் முன்னால் வந்து நின்றது. கடைசியில், பாயின்ட் எதற்கென்று தான்தான் முடிவு செய்வேன் என்ற நிபந்தனையோடு இறங்கி வந்தார்.

செய்தார். வேகத்துக்கு ஒன்றும் கிடையாது. சரக்குக்கு ரெண்டு. சிவப்பு சிக்னலில் ஒழுங்காக நிற்கிற ஒவ்வொரு நிமிஷத்துக்கும் பத்து. ஷீலா என்னவோ சொல்ல வந்தாள். கம்முனு இரு என்று அடக்கிவிட்டார். ஆயுசெல்லாம் இன்ஷூரன்ஸ் ஆபீசில் நாற்காலி தேய்த்த மனுஷனுக்கு, தானே ரயில்வேயை நடத்துகிற தோரணை!

ஞாயிறன்று பன்னிரண்டு பேர் வந்தார்கள். நாலு வண்டி, வண்டிக்கு மூன்று பேர். ராயப்பேட்டை கல்லூரிப் பெண் அதீபா விதியைக் கேட்டாள், மேசையை ஒரு சுற்று வந்தாள், மற்ற வண்டிக்காரர்களின் காதில் என்னவோ ஓதினாள். கொஞ்ச நேரத்தில் நாலு வண்டியும் நின்றுவிட்டன.

கரண்ட் போய்விட்டதென்று துரைராஜ் ஒயரைத் தடவினார். கரண்ட் இருந்தது. பாதை வட்டப் பாதை. முன்னால் ஒரு வண்டி நின்றால் பின்னால் வருவதற்குச் சிவப்பு விழும். அவரே பார்த்துப் பார்த்துப் போட்ட சிக்னல். வட்டம் முழுக்க நாலும் நின்றால் நாலுக்கும் சிவப்பு, எந்நேரமும். ஃபோனில் பாயின்ட் கொட்டியது. பிள்ளைகள் சமோசா தின்றுகொண்டிருந்தார்கள்.

"இன்னாம்மா இது, வண்டிய ஓட்டவே இல்லியே?"

"ஓட்டினா நஷ்டம் அங்கிள்," என்றாள் அதீபா. "நிக்கிறதுக்குத்தான நீங்க பாயின்ட் குடுக்கிறீங்க."

ஷீலா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

எல்லோரையும் விரட்டிவிடலாம் என்று துரைராஜ் எழுந்தார். அதற்குள் பன்னிரண்டு பேரும் சேர்கிறோம் என்று பெயர் கொடுத்துவிட்டார்கள். ரயில் மேல் ஆசையா? அட போங்க! ஒருத்தராவது குனிந்து இஞ்சினைப் பார்த்திருந்தால்தானே. அடுத்த வாரம் அவர் புது விதி போடணும், அதையும் தாங்கள் உடைத்துக் காட்டணும், அவ்வளவுதான். அறை தப்பித்தது, அவருக்கோ செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. இதுங்களுக்கு ரயிலே வேணாம், தெரியுதா என்று ஷீலாவிடம் பொருமிவிட்டுப் படியிறங்கினார்.

பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது பொறி தட்டியது. ரெண்டு நிமிஷத்துக்கு மேல் ஒரே இடத்தில் நின்றால் பாயின்ட் பாதி என்று வைத்தால்? அந்தப் பெண் மறுபடி நிற்பதற்காக வண்டியைக் கொஞ்சம் பின்னால் எடுப்பாள். எடுக்கட்டும், அங்கே ஒரு ஆப்பு வைக்கலாம். அதையும் தாண்டினால்? அடையாறு பஸ் வந்து நின்று போனது. அவர் ஏறவில்லை. அதீபாவை எங்கே மடக்கலாம் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். ரயில் ஞாபகமே அவருக்கு வரவில்லை.