மாப்பிள்ளையின் சத்தம்

சித்திதான் பள்ளிக்கூடத்து நர்ஸ். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. தலைமையாசிரியை மனசு வைத்தால் ஆகும் என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். பள்ளிக்குள் தன்னை "மிஸ்" என்றுதான் கூப்பிட வேண்டும் என்று பத்தாம் வகுப்பில் படிக்கிற அக்கா மகள் குட்டிக்குக் கண்டிப்பான உத்தரவு போட்டிருந்தாள். உத்தரவு சரி, வாய் கேட்க வேண்டுமே. முதலுதவி வகுப்பில் குட்டி கையைத் தூக்கி, "சித்தி, ஒரு சந்தேகம்" என்பாள். வகுப்பே கொல்லென்று சிரிக்கும். முறைக்கப் பார்த்து, சித்தியும் சிரித்துவிடுவாள்.

மூச்சு நின்றவரின் மார்பை அழுத்திப் பழக, இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லாத ஒரு ரப்பர் பொம்மை இருந்தது. பையன்கள் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தார்கள். சரியான ஆழத்துக்கு அழுத்தினால் மாப்பிள்ளை உள்ளுக்குள் 'டக்' என்று சத்தம் போடுவார். பட்டும் படாமலும் தொட்டால் வாயே திறக்கமாட்டார்.

"சத்தம் வரலைன்னா நீங்க காப்பாத்தல, தடவிக் கொடுக்குறீங்க" என்பாள் சித்தி.

"எலும்பு உடைஞ்சுட்டா?" என்று கேட்டவள் குட்டிதான்.

"உடையலாம். உடைஞ்சாலும் நிறுத்தாத. எலும்பு ஒட்டிக்கும், உயிர் ஒட்டாது. யாராவது கேட்டா என்கிட்ட அனுப்பு. நான் பேசிக்கிறேன்."

ஓர் இடைவேளையில், தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த கேன்டீன்காரர் அப்படியே சரிந்தார். கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சும் இல்லை. சித்தி அந்த நேரம் பள்ளியில் இல்லை. சுற்றி நின்றவர்கள் முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். குட்டி, பக்கத்தில் நின்றவளை ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ண விரட்டிவிட்டு மண்டியிட்டாள். அழுத்த அழுத்த, உள்ளங்கைக்குக் கீழே ஏதோ முறிந்தது. 'நான் பேசிக்கிறேன்' என்ற சித்தியின் குரலைப் பிடித்துக்கொண்டுதான் நிறுத்தாமல் அழுத்தினாள். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து தோளைப் பிடித்து விலக்கிய பிறகே கையை எடுத்தாள்.

மனுஷர் பிழைத்துக்கொண்டார். அவருடைய மருமகன்தான் பள்ளிக்கு வந்து குதித்தார்.

"மாமா பிழைச்சது டாக்டர் புண்ணியம். விலா எலும்பு போனது உங்க பள்ளிக்கூடத்துப் புண்ணியம். போலீசுக்குப் போகப் போறேன்."

தலைமையாசிரியை சித்தியையும் குட்டியையும் அறைக்குக் கூப்பிட்டார். "இப்படித்தான் சொல்லிக் கொடுத்தீங்களா?" என்று சித்தியைக் கேட்டார்.

குட்டிக்குப் பயமே இல்லை. இதோ சித்தி பேசப் போகிறாள் என்று நிமிர்ந்து நின்றாள்.

சித்தி மேஜையைப் பார்த்தபடி சொன்னாள்: "இல்ல மேடம். பெரியவங்களைக் கூப்பிடணும், நான் இல்லாம யாரும் கை வைக்கக்கூடாதுன்னுதான் சொல்லியிருக்கேன். இவ எப்பவுமே முந்திரிக்கொட்டை."

குட்டிக்குத் தூக்கிவாரிப்போட்டது. சித்தி ஒரு தடவை திரும்பிப் பார்த்தால்கூடப் போதும் என்று காத்திருந்தாள். சித்தி திரும்பவேயில்லை. கடைசியில் மருமகனிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். ஓர் உயிரைக் காப்பாற்றிய குற்றத்துக்காக அந்தப் பெண் தலையைக் குனிந்து மன்னிப்பும் கேட்டாள். நன்றாக இருக்கிறது நியாயம்.

வீட்டுக்கு வந்ததும் சித்தி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"உனக்கென்ன, ரெண்டு நாள்ல எல்லாரும் மறந்துடுவாங்க. எனக்கு வேலை போயிருக்கும், குட்டி."

"நீ பேசிக்கிறேன்னு சொன்ன, சித்தி."

சித்தி குட்டியின் தலையைத் தடவப் போனாள். குட்டி தலையை நகர்த்திக்கொண்டாள்.

அடுத்த முதலுதவி வகுப்பில் தலைமையாசிரியை கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். சித்தி மாப்பிள்ளையின் முன்னால் மண்டியிட்டாள்.

"முதல்ல பெரியவங்களைக் கூப்பிடணும். நீங்களா கை வைக்கக்கூடாது. அப்படியே வைக்க வேண்டி வந்தாலும் இப்படி, மெதுவா."

அழுத்தினாள். மாப்பிள்ளை வாயே திறக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். அப்போதும் சத்தமில்லை. பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

குட்டிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. தன்னைக் கைவிட்டாள், போகட்டும். இனிமேல் எங்கோ விழப்போகிற யாரோ ஒருவரையும் சேர்த்தல்லவா கைவிடுகிறாள்.

குட்டி கையைத் தூக்கினாள்.

சித்தியின் முகம் சட்டென்று மலர்ந்தது. அந்தப் பழைய 'சித்தி'க்காக, அதைக் கேட்டு வகுப்பு சிரிக்கப்போவதற்காக, அவள் காத்திருந்தது தெரிந்தது.

"மிஸ்" என்றாள் குட்டி. "நீங்க அழுத்தினதுல சத்தம் வரலை."

யாரும் சிரிக்கவில்லை.