சுழலாத கருந்துளை விட்ட ஜெட்

இரவு ஒன்றரை மணிக்கும் அக்காவின் அறையில் விளக்கு எரிந்தது. பதினாறு வயதுத் தங்கை குட்டி கதவோரம் வந்து நின்றாள்.

"என்னடி? தூக்கம் வரலன்னா சுவத்தைப் பாத்துக்கிட்டு படு."

அக்கா ஆய்வு மாணவி. வேகமாகச் சுழலும் கருந்துளை, தன்னைச் சுற்றியுள்ள காந்தப்புலக் கோடுகளைக் கயிறு திரிப்பதுபோல் முறுக்குகிறது. அந்த முறுக்குதான் இரு துருவங்களிலிருந்தும் ஒளியின் வேகத்தை நெருங்கும் ஜெட் என்னும் வாயுத் தாரைகளைப் பீய்ச்சுகிறது என்பது அவள் கட்சி. சுழற்சியே தேவையில்லை, சுற்றியிருக்கும் வாயுத் தட்டே போதும் என்பது அவளுக்கு வழிகாட்டும் புரபசர் கட்சி. வழக்கைத் தீர்க்க, கணினியில் இரண்டு கருந்துளைகளை ஓட்டினாள். ஒன்று சுழல்வது, மற்றது சுழலாதது.

போன வாரம் முடிவு வந்தது. சுழலாததும் ஜோராக ஜெட் விட்டது.

"நாலு வருஷமா பம்பரம் விட்டுட்டு இருந்திருக்கீங்கம்மா" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தார் புரபசர். ஆய்வேட்டில் சுழற்சி பற்றிய அத்தியாயத்தை வாபஸ் வாங்கிக் கடிதம் தரச் சொன்னார். காலை பத்து மணி கெடு. அக்கா அதைத்தான் தட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உனக்குக் காய்ச்சல் வந்தன்னிக்கு ரெண்டாவது ரன்னை, அந்தச் சுழலாததை, என்னைத்தானே போடச் சொன்ன?"

"ஆமா. அதுக்கென்ன, இப்போ மெடல் குத்தணுமா?"

"முதல் ஃபைலைக் காப்பி பண்ணி பேரை மாத்தினேன். சுழற்சியை சைபராக்க... மறந்துட்டேன்னு நெனைக்கிறேன்."

தட்டிய விரல்கள் நின்றன. அக்கா ஃபைலைத் திறந்தாள். சுழற்சி சைபராக இருக்க வேண்டிய இடத்தில் 0.9. சுழலாதது என்று பெயர் வைத்த கருந்துளை தலைதெறிக்கச் சுழன்றிருந்தது.

"எப்போ தோணுச்சு உனக்கு?"

"அவர் சிரிச்சாருன்னு நீ அழுதியே, அப்பவே. நீ கொன்னுடுவன்னு பயம்..."

"ஆறு நாளா, படிச்சதெல்லாம் பொய்யோன்னு செத்துட்டிருக்கேன். நீ வாய்க்குப் பூட்டா போட்டிருந்த?"

"அப்போ நீ சொன்னதுதானேக்கா சரி?"

"அதை நீ சொல்லாத. சைபர் போட்டு ஓட்டினாத்தான் தெரியும்." கடிதத்தை அழித்தாள். "பத்து மணிக்கு நீயும் வர்ற. அவர்கிட்ட நீயே சொல்ற."

"கடிச்சுக் குதறிடுவாரேக்கா!"

"குதறட்டும். மிச்சம் இருந்தா வீட்டுக்கு வா, நான் பாத்துக்கறேன்."

சுழற்சியைச் சைபராக்கி ரன்னைப் புதிதாகத் தொடங்கினாள் அக்கா. பிறகு, குட்டியின் கண்ணெதிரிலேயே, விசைப்பலகையை இடது கையால் மறைத்துக்கொண்டு பாஸ்வேர்டை மாற்றினாள்.