கோரை பிடித்த மண்

எல்லையம்மாளின் மனை தண்ணீரில் வந்தது. சிரிப்பாகத்தான் இருக்கும். சிரித்துவிட்டுக் கேளுங்கள்.

கூலி உயர்த்திக் கேட்டவர்களின் குடிசைகளைப் பண்ணை ஆட்கள் பிரித்துப்போட்ட வருஷம், போக்கிடம் இல்லாமல் அவள் நெடுவாய்க்கால் கரைக்கு வந்து சேர்ந்தாள். நன்னிலத்துக்குக் கிழக்கே அந்த வாய்க்கால் ஒரு வளைவு வளையும். வளைவின் உள்பக்கம், கணுக்கால் தண்ணீரில், பாய் முடைய ஆகுமென்று நாலு சம்பங்கோரைக் கிழங்கை ஊன்றினாள்.

கோரை மண்டியது. மேட்டூர்த் தண்ணீர் செக்கச்செவேலென்று சுழித்துக்கொண்டு வரும். கோரைக்குள் நுழைந்ததும் அதன் வேகம் போய்விடும். தலைச்சுமைக்காரி சுமைதாங்கியைக் கண்டதும் நிற்பதுபோல நின்று, சுமந்து வந்த மண்ணை அங்கேயே இறக்கி வைத்துவிட்டு, தெளிந்து வெளியே போகும். எல்லையம்மாள் அதை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒவ்வொரு தாளும் நடுங்கி நடுங்கி ஓய, அடியில் வண்டல் புகைபுகையாய் இறங்கும். பார்க்கப் பார்க்கக் கண் சொக்கும். எந்த மலையிலிருந்தோ, எந்த ஊர்க் கரையிலிருந்தோ புறப்பட்ட மண்ணெல்லாம் தன்னைத் தேடி வருவதாக அவளுக்குத் தோன்றும். பிறந்ததிலிருந்து அடுத்தவர் சேற்றிலேயே நின்றவளுக்கு அப்படித் தோன்றினால் தப்பா என்ன?

முதல் வருஷம் விரற்கடை மண். அப்புறம் ஒரு சாண். ஐந்தாம் வருஷம் ஒரு கட்டில் போட இடமிருந்தது. ஒன்பதாம் வருஷம் குடிசை, அடுப்பு, கூரைமேல் பரங்கிக்கொடி எல்லாம் இருந்தன.

அந்த ஆண்டுதான் புறம்போக்கில் குடியிருக்கும் ஏழைகளுக்குப் பட்டா என்று அரசாங்கம் அறிவித்தது. ஆனியில், வாய்க்கால் காய்ந்து கிடந்தபோது, சர்வேயர் சங்கிலி பிடித்து அளந்தார். இப்படி ஓர் இடம் எப்போது முளைத்தது என்று படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாய்க்கால் என்று எழுதினால் பட்டா கிடைக்காது. மனுஷர் இரக்கப்பட்டு ‘மேடு’ என்று எழுதி, நாலு கல் நட்டுவிட்டுப் போனார். இனி உத்தரவு வரவேண்டியதுதான் பாக்கி.

ஆவணியில் மகள் சுந்தரி வந்தாள். அதே வாய்க்காலின் கோடியில், கடைமடையில் வாழ்க்கைப்பட்டவள். பெரிய பண்ணை ஒன்றிடமிருந்து உச்சவரம்பில் அரசாங்கம் எடுத்த நிலத்தில் அவளுக்கும் புருஷனுக்கும் ஒரு ஏக்கர் கிடைத்திருந்தது. அவர்கள் குலத்தில் முதல் நிலம். வந்தவள் சோறு வேண்டாமென்றாள். நாற்றங்கால் பாளம் பாளமாய் வெடித்துவிட்டதாம். மதகு திறந்து மூடும் லஸ்கர் காயாரோகணமும் கூடவே வந்திருந்தார்.

“மதகை முழுசாத் தூக்கிட்டேன், எல்லையம்மா. இந்த வளைவு வரைக்கும் தண்ணி நல்லாத்தான் வருது. அப்புறம் கோரையில உக்காந்துக்குது” என்றார்.

எல்லையம்மாள் திரும்பிப் பார்த்தாள். ஒன்பது வருஷமாகக் கோரை கொடுத்ததைத்தான் பார்த்தாளே தவிர, அது யாருக்குப் போகாமல் தடுத்தது என்று ஒருநாளும் பார்க்கவில்லை. கோரை எதிர்க்கரையைத் தொட்டிருந்தது. நடு வாய்க்காலிலும் மண் மேடிட்டிருந்தது.

கடைமடைக்காரர்கள் விடிந்ததும் கோரையை அறுக்க அரிவாளோடு வருகிறார்கள், அதைச் சொல்லத்தான் ஓடி வந்தேன் என்றாள் சுந்தரி. கோரை போனால் மண்ணும் போய்விடும் என்பது அவளுக்கும் தெரியும்.

“நீ வேணாம்னு சொன்னா நான் அவங்கள மறிச்சு நிக்கிறேம்மா. நாத்துதான் போயிடும்.”

எல்லையம்மாளுக்குப் பெற்ற மகள்மேல் கோபம் கோபமாய் வந்தது. பட்டா கைக்கு வரும்வரை இரண்டு மாசம் பொறுக்கக் கூடாதா? இதையும் விட்டால் இன்னும் யார் கொல்லையில் போய் நிற்பது? ஆனால் நாற்று பொறுக்காது. நட்டு நட்டே முதுகு வளைந்தவளுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அன்று சாயங்காலம் அவள் தானே குடிசையைப் பிரித்து, மூங்கிலையும் கீற்றையும் கரைமேல் அடுக்கினாள்.

காலையில் வந்தவர்களுக்கு முன்னால் அவள் தண்ணீரில் இறங்கியிருந்தாள்.

“மேல அறுத்தாப் பத்தாது. கிழங்கோட பிடுங்குங்க. இல்லாட்டிப் பதினஞ்சு நாள்ல திரும்பவும் வந்து நின்னுக்கும்” என்றாள்.

உச்சிப்பொழுதில் வழி திறந்தது. தண்ணீர் முதலில் நம்பாததுபோல் தயங்கியது. பிறகு போயிற்று, திரும்பிப் பார்க்காமல் போயிற்று. மூன்று நாளில் மண்ணும் கிளம்பியது. வந்ததைப் போலவே சத்தமில்லாமல், விளிம்பு விளிம்பாகக் கரைந்தது. அடுப்பு போயிற்று. கொடி போயிற்று. பழுத்த பரங்கி ஒன்று ஆடி ஆடி மிதந்து போனது. எல்லையம்மாள் கரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். சர்வே கல் இரண்டு மட்டும் தண்ணீருக்குள் நின்றன.

ஐப்பசியில் பட்டா வந்தது. கைநாட்டு வைத்து வாங்கி, மடியில் செருகிக்கொண்டு, மகள் வீட்டுக்கு நடந்தாள். சுந்தரி வயலில் களை பறித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் பாயும் வாய்மடையை ஒட்டிப் பயிர் கருகருவென்று நின்றது. அங்கே முழங்கால் புதைய வண்டல். வரப்பில் ஒரு பரங்கிக்கொடி ஏறிப் பூத்திருந்தது. யார் போட்ட விதை என்றே தெரியவில்லை என்றாள் சுந்தரி.

எல்லையம்மாள் வயலில் இறங்கி நின்றாள். விரலிடுக்கில் பிதுங்கிய மண் வழுவழுவென்று, தெரிந்த மண்ணாக இருந்தது.

சுந்தரி கையைத் துடைத்துக்கொண்டு காகிதத்தை வாங்கினாள். இரண்டு மூன்று வகுப்பு படித்தவள். எழுத்துக் கூட்டி வாசித்தாள். எல்லையம்மாள், மேடு, மூணு சென்ட்.

“இதுல போட்டிருக்கிற எடம் இப்ப எங்கம்மா இருக்கு?”

“நீ நிக்கிற எடத்துலதான்” என்றாள் எல்லையம்மாள்.